மேல் வரிசைப் பலூன்கள்

துப்பாக்கி வெடித்த சத்தத்தில் பக்கத்துப் பொரிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேல் வரிசைப் பலூன்கள் ஐந்தும் கடல்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. புஷ்பவல்லி கைத்துப்பாக்கியைப் பலகைமேல் வைத்தாள்.

"கம்பிய வளச்சி வெச்சிக்கீறியா?" என்று கேட்டாள்.

குறி பார்க்கும் கம்பியைத்தான் சொன்னாள். திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் அதை ஒரு நெல்லளவு வளைத்துவைப்பது வழக்கம். எவ்வளவு கவனமாகக் குறி பார்த்தாலும் குண்டு பலூனை உரசிக்கொண்டு போய்விடும். பரிசு கடையிலேயே தங்கிவிடும். இந்தக் கடைக்காரன் நீலமேகம் வளைக்கவில்லை. அதைச் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் அவள் சிநேகிதியோடு தேர் நின்ற பக்கம் போய்விட்டாள்.

போன வருஷம் இதே திருவொற்றியூர் மாசித் திருவிழாவில்தான் அவளை முதலில் பார்த்தான். நீளத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டதெல்லாம் உடைந்தது. காயப்போட்ட மீனைக் காக்கை கொத்தாமல் கவண்கல் வீசியே வளர்ந்தவளாம். சிநேகிதி பெருமையாகச் சொன்னாள். ஒரு சோப்புப் பெட்டியை ஜெயித்துக்கொண்டு, கடைக்கு முன்னாலேயே நின்று சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. கம்பெனியின் விடியற்காலைச் சங்கு ஊதுவது தூக்கத்தில் காதில் விழாமல், போய்ச் சேர்வதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள் என்று ஒரு நாள் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அவ்வளவுதான். ஆனால் அதன்பின் ஒரு வருஷம், எந்த ஊர்த் திருவிழாவில் கடை விரித்தாலும், கூட்டத்தில் ஒரு பெண் தலையைச் சாய்த்துச் சிரித்தால் நீலமேகத்தின் கை நின்றுபோகும். வேறு யாராகவோ இருக்கும். பலூனை ஊதி முடித்து நூலைக் கட்டுவான்.

மார்கழியில் பர்மா பஜார்ப் பக்கம் போனபோது ஒரு அலாரக் கடிகாரம் கண்ணில் பட்டது. வாங்கிவிட்டான். அதை அவளிடம் நேராகக் கொடுக்க முடியாது. அவன் காசிமேட்டுக் குப்பத்துக்காரன். அவள் திருவொற்றியூர்க் குப்பம். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பெண்ணுக்குக் கடிகாரம் கொடுத்தால் இரண்டு குப்பமும் கேள்வி கேட்கும். அதுவும் அவன் கட்டுமரம் ஏறினால் தலைசுற்றி வாந்தி எடுக்கிறவன். கடலுக்குப் போகாதவனுக்கு எந்த வீட்டிலும் பெண் கொடுப்பதில்லை. ஆனால் சுட்டு ஜெயித்த பொருளை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மேல் வரிசை ஐந்தையும் ஐந்து குண்டில் உடைப்பவருக்கு அலாரக் கடிகாரம் என்று இந்தத் திருவிழாவில் கடைக்கு நடுவில் தொங்கவிட்டான். மேல் வரிசையைக் கைத்துப்பாக்கியால்தான் சுடவேண்டும்; அவளைத் தவிர வேறு யாராலும் அது லேசில் முடியாது.

இப்போது அவளே வந்துவிட்டாள். துப்பாக்கிதான் காலை வாரிவிட்டது.

மறுநாள் காலை, கூட்டம் சேருமுன், அவன் துப்பாக்கியை ஒரு மணல் மூட்டைமேல் அசையாமல் அழுத்திவைத்து, எதிரே பழைய செய்தித்தாளைக் கட்டிச் சுட்டான். கம்பி கோணலாக இருந்தால் குண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் விலகி ஒரே இடத்தில் விழவேண்டும். விழவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று தாளிலேயே இல்லை. குண்டுகளைத் தட்டில் உருட்டிப் பார்த்தான். விளிம்பு நசுங்கியவை நேராக உருளாமல் வட்டம் போட்டன. அவற்றைப் பொறுக்கி எறிந்தான். குழலை மடக்கும் இடத்தில் திருகாணி லேசாக ஆடியது, இறுக்கினான். மறுபடி சுட்டான். தாளில் ஓட்டைகள் முன்போலவே சிதறிக் கிடந்தன.

பொரிக்கடை அப்பாவு கையில் டீயோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"மாமு, கெட்டுப்போனது நல்லதுக்குதான். அந்த கடியாரத்த பாத்துத்தான் ஜனமே வருது. அத்த ஒருத்தி தூக்கிகினு போய்ட்டா நீ இன்னாத்த மாட்டுவ?"

நீலமேகம் இன்னொரு தாளைக் கட்டினான்.

அன்று மாலை புஷ்பவல்லி வந்தாள். அவள் சுட்டதில் ஒரு பலூன் உடைந்தது. அதுவும் அவள் குறி பார்த்ததற்குப் பக்கத்துப் பலூன். சத்தம் மட்டும் வாணவெடிபோல் கேட்டது. குழலின் வாயில் மெல்லிய புகை நின்றது. அவள் மூக்கைச் சுளித்தாள்.

"துப்பாக்கி சுடுறியா, சுறா வறுக்கிறியா? வாசன தூக்குது" என்றாள். சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புஷ்பவல்லி சிரிக்கவில்லை. "நாளைக்கி ஒரு தபா வருவேன். அப்பவும் இப்டியே டபாய்ச்சின்னா, உன் கடப் பக்கம் தல வெச்சிகூட படுக்க மாட்டேன்."

அவள் போனபின் நீலமேகம் குழலை மூக்கருகே கொண்டுவந்தான். கருகிய மீன் வாசனை. அவனுக்கு ஒரேயடியாக விளங்கிவிட்டது.

கடலோரத்தில் இரும்பு எதுவானாலும், நங்கூரமோ சுறாத் தூண்டிலின் கொக்கியோ, சுறா எண்ணெய் தடவி வைப்பார்கள், உப்புக்காற்று தொடாது. இந்த வருஷம் துப்பாக்கி நன்றாக இருக்கவேண்டும் என்று, உற்சவத்துக்கு முந்தின நாள் வீட்டிலிருந்த சுறா எண்ணெயைத் தாராளமாக வெளியே தடவினான். உள்ளேயும் ஊற்றினான். அதன்பின் சத்தம் பெரிதானபோது, துப்பாக்கிக்குப் பலம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டான். துப்பாக்கியின் உள்ளே ஸ்பிரிங் பாய்ந்து ஒரு தோல் வாஷரைத் தள்ளுகிறது; வாஷர் நெருக்கும் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. நெருங்கிய காற்றின் சூட்டில் அவன் ஊற்றிய எண்ணெய் பற்றி எரிந்திருக்கிறது. ஒரு தடவை அதிகமாக, ஒரு தடவை குறைவாக. குண்டும் அதன்படி போயிருக்கிறது.

காலையில் துப்பாக்கியைக் கழற்றிச் சாக்குமேல் பரப்பினான். தோல் வாஷர் எண்ணெயைக் குடித்து ஊறிய வடைபோல் உப்பியிருந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து நிழலில் காயவைத்தான். குழாயின் உட்புறத்தைச் சீமையெண்ணெய்த் துணியால் துடைத்தான், துணி மஞ்சளாக வந்தது, மறுபடி துடைத்தான்.

வாஷர் காயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். தூரத்தில் துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. இதைச் சரியாகப் பூட்டினால் அவள் இன்று கடிகாரத்தை ஜெயித்துவிடுவாள். ஜெயித்தபின் இந்தக் கடைக்கு அவள் எதற்கு வரப்போகிறாள்? பூட்டாமல் விட்டால், அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டே போய்விடுவாள். எப்படியும் போகத்தான் போகிறாள். கடிகாரத்தோடு போகட்டும் என்று நினைத்தான். விடியற்காலையில் ஏதோ ஒரு வீட்டில் அது மணி அடிக்கும். அவள் கையை நீட்டி அதை அடக்குவாள்.

வாஷர் காய்ந்ததும் பூட்டினான். தாளில் சுட்டான். ஓட்டைகள் ஒரு பத்துப் பைசாக் காசால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன.

மாலையில் அவள் வந்து துப்பாக்கியை வாங்கினாள். முதல் குண்டின் சத்தம் சின்னதாக இருந்தது. பலூன் உடைந்தது. அவள் துப்பாக்கியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் உடைந்தன. நான்காவது உடைந்தபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐந்தாவதற்கு முன் கடலிலிருந்து காற்று அடித்து, பலூன் அலைந்தது. அவள் கையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தாள். காற்று இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நீலமேகம் விரும்பினான்.

காற்று நின்றது. பலூன் உடைந்தது.

கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். எப்படிச் சாவி கொடுப்பது என்று கேட்டாள். திரும்ப வாங்கிக் காட்டினான். தேவைக்கு மேலேயே மெதுவாகக் காட்டினான். சங்கு ஊதுவதற்கு முன்னால் அடிக்கும்படி அலார முள்ளைத் திருப்பிவைத்தான். சங்கு விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளச்சி வெச்சிக்கீறன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"பரவால்ல."

"இது நின்னு போச்சின்னா எங்க வந்து கேக்கறது?"

மார்கழியிலிருந்து அது அவன் தலைமாட்டில் ஓடியிருந்தது. ஒரு நிமிஷம்கூடப் பிசகியதில்லை. இது நிற்காது என்று சொல்லியிருக்கலாம்.

"பங்குனில கொருக்குப்பேட்டைல கீறேன்" என்றான். "சித்திரைல அங்கியேதான், ரயிலு கேட்டாண்ட. வைகாசில புழலு. ஆனில ராயபுரம், சர்ச்சுத் திருநாளு."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"புழலு தூரம்" என்றாள். கடிகாரத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "ராயபுரம்னா நடந்தே வந்துரலாம்."

சிநேகிதி கூப்பிட, அவள் கூட்டத்துக்குள் போனாள். வெறும் கொக்கியைக் காட்டி நாளைக்கு இங்கே எதை மாட்டப்போகிறாய் என்று அப்பாவு கேட்டான். நீலமேகத்துக்குக் காதில் விழவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.