மருந்தடித்த வரம்பு

வெள்ளம் வீதியை மூடியதும் கரைத்தீவு மத்ரஸாவின் மேல்மாடிக்கு ஏறினோம். படகு வரவில்லை. இருந்த அரிசி கஞ்சியாகி, கஞ்சியும் தண்ணீராகிக்கொண்டிருந்தது. என் மனைவி நப்லா நிறைமாதக்காரி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று படுத்தே கிடந்தாள்.

அவளுடைய உம்மா, என் மாமி கைருன்னிஸா, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். நெஞ்சளவு தண்ணீரில் போய் உப்பள வரம்பில் உமரிக்கீரை பறித்து வந்தார். வெள்ளத்துக்கு மேலே நின்ற பச்சை அது ஒன்றுதான். வரம்பு நெய்னார் முதலாளியுடையது. அவரும் மாடியில்தான் இருந்தார், அங்கே இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தபடி.

"அதெ எறிங்க. களைமருந்து அடிச்ச வரம்பு" என்றார்.

"எப்ப அடிச்ச?" என்று கேட்டார் மாமி.

"மழைக்கு முந்தி. திண்டா குடல் வெந்திரும்."

"நான் உங்கட உப்பளத்தில காவலுக்கு நிண்ட காலத்தில ஒரு சொட்டும் அடிக்கல்ல" என்றேன்.

"ராவுக் காவல உட்டுட்டு ஓடினவன்ட கதை! நீ போன பொறகுதான் அடிச்ச."

மாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னை யாரும் நம்பவில்லை. அவருக்கு மருந்து பிரச்சினையில்லை. 'வந்தான்வரத்தானுக்கு இண்டைக்குக் கீரை, நாளைக்குப் பாதை, பொறகு காணி எழுதின உறுதியும் வேணும்' என்று அவர் சொல்வதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

மாமி கீரையை இரண்டு தண்ணீரில் அவித்து உப்பை வடித்தார். கடைசி அரிசியைப் போட்டுக் கிண்டி, சஹனில் கொட்டி நடுவில் வைத்தார். எப்போதும் ஆறு கை விழும் தட்டு. ஒரு கையும் விழவில்லை. மாமி தனியே தின்றார். மையத்து எப்போது விழும் என்று பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் தின்னு மகள்."

நப்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ஏதும் ஆச்செண்டா? வேணாம் உம்மா."

மாமி மிச்சத்தை அவள் தலைமாட்டில் மூடி வைத்தார். "குடல் இன்னும் வேகல்ல, முதலாளி!" என்று கத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

அஸர் தொழுகைக்கு நின்றோம். முழங்கால் வலி என்று முதலாளி எங்களுக்குப் பின்னால், கதிரையிலேயே.

தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினேன். கதிரை வெறுமையாக இருந்தது. சஹனுக்கு ஒரு பக்கம் முதலாளி குந்தியிருந்தார். கன்னம் உப்பி இருந்தது. மறுபக்கம் நப்லா. அவர் தின்னத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். இப்போது அவருக்கு விட்டுவிடாமல் பெரிய பெரிய பிடியாக அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

மாடி முழுக்கப் பார்த்தது. மாமி அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"மருந்து எப்பிடி, முதலாளி?"

அவர் விழுங்கினார்.

"உப்புக் காணாது."

யாரும் சிரிக்கவில்லை. கீரை பறிக்கச் சாக்குகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம். மாடியிலிருந்து அவர் ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லித் திட்டினார். முதலில் என் பெயர். வரம்பைத் தொடும்வரை கேட்டது.