“க” எழுத்தின் பக்கம்

புத்தகங்களை எரித்துவிடு என்று சாஹுல் ஹமீது காலையிலிருந்தே மனைவி றிஸானாவை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திகனவில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. மேல் தெருவுக்குப் பொலிஸ் ஜீப் வந்துவிட்டதாக யாரோ போனில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் அரபு எழுத்திருந்த கலண்டரைக்கூட அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

றிஸானா வீட்டு முன்னறையில் பாலர் பாடசாலை நடத்தினாள். அவர் எரிக்கச் சொன்னவை அவள் தன் கையால் படம் கீறி, நூலால் தைத்த வாசிப்புப் புத்தகங்கள். டவுனில் வாங்கிய புத்தகத்தில் “அம்மா” என்ற சொல்லுக்கு மேலே பொட்டும் பூவுமாக ஒரு பெண் இருந்தாள். இது யார் என்று கேட்டால், சின்னப் பாயிஸா “டொக்டர்” என்பாள். டிஸ்பென்சரி டொக்டர் அப்படித்தான் இருப்பார். படம் ஒன்றும் ஒலி ஒன்றுமாகப் போனதில் அந்தப் பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிட்டது. அதனால்தான் உ-வுக்கு உம்மா, வா-வுக்கு வாப்பா, நோ-வுக்கு நோன்புக் கஞ்சி என்று றிஸானா தானே கீறத் தொடங்கினாள். முக்காடு போட்ட உம்மாவைக் கண்ட அன்று பாயிஸா உதட்டைக் குவித்து “உ” என்றாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

“போன வருஷக் கலவரத்துல நம்மட கடைய எரிச்சாங்க. இப்ப நாமளே புடிச்சுக் குடுக்கோணுமா?” என்றார் சாஹுல் ஹமீது.

“ஒளிச்சாத்தான் சந்தேகப்படுவாங்க. புள்ளையளுட புத்தகம், ராக்கையிலயே ஈக்கட்டும்.”

அவர் கேட்கவில்லை. புத்தகங்களை வாரிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனார். றிஸானா வாசலை மறித்து நின்றாள். அவர்கள் அப்படி நின்றுகொண்டிருந்தபோதே வெளியே ஜீப் வந்து நின்றது. எரிக்க நேரமில்லை. அவர் திரும்பிப்போய் அவற்றை ராக்கைத் தட்டில் வைத்தார். அவசரத்தில் ஒன்று தரையில் விழுந்தது.

உள்ளே வந்த பொலிஸ்காரர்கள் அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். அதிகாரி தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தைக் கண்டதும் நிறுத்தினார். தொப்பியும் தாடியுமாக ஒரு ஆளின் படம். கையில் வளைந்த கத்தி.

இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளையொன்றின் தகப்பன், சந்தியில் இளநீர் விற்கிறவர், அது இளநீர் வெட்டுகிற கத்தி, கத்திக்கு “க” என்று றிஸானா ஒருவாறு சிங்களத்திலேயே சொல்லி முடித்தாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தியையா படிப்பிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, புத்தகத்தோடு அவளையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். தன்னைக் கொண்டுபோகும்படி சாஹுல் ஹமீது கெஞ்சினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வரும்வரை அவளை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அவர் வந்து ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு படத்துக்கும் அவள் காரணம் சொன்னாள். கஞ்சிக்கோப்பைக்குக்கூடச் சொன்னாள். பின்னேரமாகிவிட்டது. கடைசியில் கத்திப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, போகச் சொன்னார்கள். ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்த சாஹுல் ஹமீது அவளைக் கண்டதும் புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டார். வழியில் அதை எறிந்துவிடுவார் என்று றிஸானா நினைத்தாள். அவர் எறியவில்லை.

பாலர் பாடசாலையைத் திரும்பத் திறந்தபோது பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. பாயிஸா வந்தாள். நேரே அந்தப் புத்தகத்தை எடுத்தவள், கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“என்ட வாப்பா எங்க டீச்சர்?”

திரும்பக் கீறித் தருவதாகச் சொல்லி றிஸானா பென்சிலை எடுத்தாள். தொப்பி வந்தது, தாடி வந்தது, இளநீரும் வந்தது. கத்திக்கு வந்ததும் விரல் அசைய மறுத்தது. படத்து ஆளின் மற்றக் கையில் கத்திக்குப் பதில் ஒரு பூவைக் கீறி வைத்தாள்.

பாயிஸாவுக்குப் பிடிக்கவில்லை. பூவால் எப்படி இளநீர் வெட்டுவது என்று கேட்டாள்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சாஹுல் ஹமீது உள்ளே வந்து பாயில் குந்தினார்.

“இஞ்ச கொண்டா.”

பென்சிலை வாங்கி, பூவை அழித்து, அந்த இடத்தில் ஒரு கத்தியைக் கீறினார். படம் கீறிப் பழக்கமில்லாத கை. கத்தி ஆளைவிடப் பெரிதாகிவிட்டது. றிஸானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

தெருவில் ஒரு வாகனம் வேகம் குறைத்தது. இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். அது வளைவு தாண்டிப் போன பிறகுதான் றிஸானா மூச்சை விட்டாள். பாயிஸாவோ புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுத்தின்மேல் விரலை வைத்து, “க” என்று தொடங்கியிருந்தாள்.