குங்கிலியத்தால் அடைத்த காயம்

1964ஆம் ஆண்டு ஐப்பசியில், அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கட்டிலில் என் தம்பி கனகசபாபதி, அவன் மனைவி தங்கமுத்து, டொக்டர் கிறிஸ்துநாயகம், தாதி அருமைநாயகி, குடும்பத்தில் மூத்தவனான நான். வேறு எவரும் இருக்கவில்லை.

வலை இழுக்கும்போது திருக்கை முள் தம்பியின் பாதத்தில் ஏறியிருந்தது. தோணியின் பலகை இடுக்குகளை அடைப்பதற்கு எண்ணெயில் குங்கிலியம் காய்ச்சுவோம். கடல்நீர் புகாது என்று அதையே காயத்தின்மேலும் பூசி அடைத்தாயிற்று. நான்காம் நாள் கால் பனங்காய்போல் வீங்கி, சிவப்பு முழங்காலை நெருங்கியது.

டொக்டர் குங்கிலியத்தை உரித்ததும் சீழ் பீறிட்டது.

"உதை ஆர் பூசினது?"

தங்கமுத்து தலை குனிந்தாள். "எங்கடை வீட்டிலைதான்" என்றேன்.

"கடல்தண்ணி உள்ளுக்கு வராமல் அடைச்சியள், சரி. சீழ் வெளியிலை போகாமலும் எல்லோ அடைச்சுப்போட்டியள்!"

"அண்ணைக்கு நானும் ஒரு தோணிதான், டொக்டர்" என்று தம்பி முனகினான்.

சிவப்பின் விளிம்பில் அருமைநாயகி பேனாவால் ஒரு கோடு கீறினாள்.

"உந்தக் கோட்டைத் தாண்டி மேலை ஏறினால் காலை எடுக்க வேண்டிவரும்" என்றார் டொக்டர்.

பிறகு சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து என்னைக் கூப்பிட்டார். நான் எவருக்கும் குனிந்தவனல்ல. அதற்குக் குனிந்தேன். ஊதா நிற மணிகள், மீன்சினைபோல் கொத்துக் கொத்தாய். ஐம்பது வருடம் கடலைப் பார்த்த கண் என்னுடையது. ஒரு துளிக்குள் இத்தனை உயிர் இருக்கும் என்று அறிந்திருக்கவில்லை.

"உதுகள் பெருகுமோ?"

"அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு இரண்டாகும்."

"பெனிசிலின் அதுக்கு என்ன செய்யும்?"

"இரண்டாய்ப் பிரியேக்கை புதுச் சுவர் கட்டவிடாது, ஐயா. தண்ணி ஏறி வெடிச்சுப்போம்."

பலகை தைக்காத தோணி. எனக்கு விளங்கிற்று.

நான்கு மணித்தியாலத்துக்கு ஓர் ஊசி. மறுநாள் பின்னேரம் சிவப்பு கோட்டுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. கடல் வற்றுவதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். மனிதத் தோலில் அப்படியொரு வற்றலை அன்றுதான் கண்டேன். தங்கமுத்து அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கால் தப்பியது.

குங்கிலியம் பூசியவள் தங்கமுத்து என்று ஊரில் கதைக்கிறார்கள். அது பிழை. காய்ச்சியதும் பூசியதும் நான்.