மஞ்சள் பட்டை

கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்திலிருந்து இறங்கிய பெரியவர் அப்படியே சுருண்டு விழுந்தார். மகளோடு வரிசையில் நின்ற நர்ஸ் ஒருத்தி, பிடித்திருந்த கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். வேடிக்கை பார்க்க முப்பது பேர். முப்பது கையிலும் செல்போன்.

"படம் பிடிச்சது போதும், யாராவது வந்து கை கொடுங்க."

ஐஸ்கிரீம்காரர் மட்டும் வந்து மண்டியிட்டார்.

ஆம்புலன்ஸ் சத்தம் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்து ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த இருவரின் மணிக்கட்டிலும் மஞ்சள் பட்டை.

"என்னங்க இது?"

"டிக்கெட் வாங்கி இந்தப் பட்டை கட்டாம யாரையும் உள்ள விட மாட்டேன்னுட்டாரு, வாசல்காரர்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவரை ஏற்றிய ஸ்ட்ரெச்சருடனேயே வாசலுக்கு ஓடினாள். வாசல்காரர் வழியை மறித்து, பெரியவரின் மணிக்கட்டைக் காட்டினார்.

"இவரு பட்டையை அறுத்துடாதீங்க. அப்புறம் திரும்ப உள்ள விட மாட்டோம்."