ஏழாம் நம்பர் அறையில் என்ன இருக்கிறது

எங்கள் லாட்ஜ் மேனேஜருக்கு நான் வைத்த பெயர் அகராதி. வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அறை துடைக்கிற எங்களுக்கும் தினமும் காலையில் அரைமணி நேரம் பாடம் எடுத்தார். ஸ்பேசியஸ், பிரைட், பியூட்டிஃபுல் என்று இடத்தை வர்ணிக்கிற சொற்களைக் கரும்பலகை நிறைய எழுதிப் போடுவார். ஓரத்தில் சின்ன எழுத்தில் அண்டர், பிஹைண்ட், பிட்வீன், இன்சைட். மாசக் கடைசியில் முதலாளி வந்து பரீட்சை வைப்பார், நன்றாகச் சொல்பவருக்கு ரிசப்ஷன் வேலை என்றார்கள். ரிசப்ஷன் என்றால் நாற்காலி. பதினோரு வருஷமாக முட்டி போட்டுத் தரை துடைத்தவளுக்கு வேறென்ன வேண்டும்? உயிரைக் கொடுத்துப் படித்தேன்.

போட்டிக்கு இன்னொருத்தி இருந்தாள், மேனேஜரின் கொழுந்தியாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசமாகியும் விளக்குமாற்றை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மகராசி.

பரீட்சை அன்று முதலாளி மாடியில் இருக்கிற ஏழாம் நம்பர் அறையை வர்ணிக்கச் சொன்னார். கொழுந்தியாள் கரும்பலகையை அப்படியே ஒப்பித்தாள். பெரிய அறையாம், வெளிச்சமான அறையாம், அழகான அறையாம். அந்த அறைக்குள் அவள் காலடி வைத்ததே இல்லை. அகராதி பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினார்.

என் முறை வந்தது. அழகை எல்லாம் நான் எங்கே கண்டேன்? குனிந்தே பார்த்த அறை அது. கட்டிலுக்கு அடியில் தண்ணீர் கசிகிறது, அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறிப்போயிருக்கிறது, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் எலிப்பொந்து, மெத்தைக்குள் மூட்டைப்பூச்சி. எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே பிசகாமல் சொல்லி முடித்தேன். அகராதி முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளி சிரித்தார். தப்பே இல்லாத இங்கிலீஷ் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன், அசடு மாதிரி. அடுத்த நிமிஷம் நாற்காலியைக் கொழுந்தியாளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“அறையைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்கள கீழ உக்கார வச்சா, எவன் தங்க வருவான்? நீங்க மேலயே இருங்கம்மா,” என்றார்.

வயிறு பற்றி எரிந்தது. அடுத்த மாசம் அடுப்பு எப்படி எரியும் என்று யோசிக்கவே இல்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவி அவர் மேசைமேல் வைத்தேன்.

“தேர் இஸ் நோபடி அப்ஸ்டேர்ஸ், சார்,” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.