பனிக்கட்டி சேராத எடை

திருவொற்றியூரில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்யும் செல்லம்மா, செவ்வாய்க்கிழமைகளில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நின்றாள். திங்களன்று அவள் ஐம்பத்திரண்டு கிலோ. திங்கள் சரக்கு போகும் நாட்டில், இறால்மேல் உறைந்த பனிக்கட்டியும் எடையில் சேரும். செவ்வாய் சரக்கு போகும் நாட்டில் சேராது. அங்கே தண்ணீருக்கு எடையே இல்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பதினாறு வருடம் அந்தச் சரக்கைத் தொட்ட உடம்பு சட்டத்தையும் பழகிக்கொண்டது. மற்ற பெண்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மேல்தட்டு அட்டைப்பெட்டிகளை அவளை எடுத்துத் தரச் சொன்னார்கள்.

சிக்கல் வாசலில் இருந்தது. உள்ளே நுழைகிறவர்கள் குளோரின் தொட்டியில் கால் நனைக்க வேண்டும் என்பதும் அதே செவ்வாய் நாட்டின் விதி. செல்லம்மாவின் கால் தண்ணீரைத் தொடவில்லை. காசிமேட்டில் அவள் கணவன் வெற்றியின் படகு இன்ஜின் போய்க் கிடந்தது. வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

“அடுத்த மாசம் அந்த ஊர்க்காரன் செக்கிங் வர்றான். காலு நனையலன்னா உன்ன வேலைக்கு வெச்சுக்க முடியாதும்மா,” என்றார் சூப்பர்வைசர் ஜுபைர்.

“அவன் சட்டந்தான் சார் மேல தூக்குது. அவன் சட்டந்தான் கீழ நனைன்னுது. நடுவுல நான் இன்னா பண்றது?”

வெற்றி வலையிலிருந்த ஈயக் குண்டுகளை அவிழ்த்து அவள் புடவை ஓரத்தில் தைத்தான். கால் இறங்கியது. உணவு இருக்கும் இடத்தில் ஈயம் கூடாது என்று விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கம் சொன்னது. வாசலிலேயே பிரித்துவிட்டார்கள்.

அந்த நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் வரப்போகிறது, எல்லா எடையும் ஒன்றாகிவிடும் என்று ஜுபைர் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் பேசிய ஒப்பந்தம் ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது. இறாலுக்கு வரி போயிற்று. பனிக்கட்டி மட்டும் அவரவர் சட்டப்படி. வரி போனதில் ஆர்டர் கூடியது. செல்லம்மா மேலும் இரண்டு அங்குலம் உயர்ந்தாள்.

ஜுபைர் தொட்டியைத் தூக்கி இரண்டு செங்கல்மேல் வைத்தார். செக்கிங் வந்தவரின் படிவத்தில் கால் நனைந்ததா என்று மட்டும் கேட்டிருந்தது. நனைந்திருந்தது. அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

இப்போதும் செவ்வாய்தோறும் மற்ற பெண்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொட்டியில் ஏறி இறங்குகிறார்கள். “உன்னால எங்களுக்குத்தான்மே பேஜாரு,” என்கிறார்கள். ஆர்டர் இன்னும் கூடினால் வைப்பதற்கு மூன்றாவது செங்கல் வாசலோரம் கிடக்கிறது.