குகனுக்கு விழுந்த பொன்னாடை

இந்தக் கதையில் எல்லாம் சரியாக நினைவில் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அன்றைக்கு மழை பெய்ததா, பெய்யப் போவதாக மிரட்டிவிட்டுப் போனதா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாலை சம்பங்கியா செவ்வந்தியா என்பதிலும் தகராறு உண்டு. அது யார் கழுத்தில் விழுந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கிள்ளான் பக்கத்தில், பண்டமாரானில், ஒரு தரைவீடு. திருட்டு, அடிதடி என்று நீதிமன்றம் வரைக்கும் போன பையன்களைப் பூட்டுப் போட்ட பள்ளிக்கு அனுப்பாமல், அவரவர் வீட்டிலேயே தூங்கவிட்டு, சாயங்காலமானால் இங்கே வரச் சொல்வார்கள். வந்து படிப்பார்கள், சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமாவதற்குள் மறுபடியும் சண்டை போடுவார்கள். இத்தனையையும் கட்டி மேய்ப்பவள் மலர்.

மலர் அதிகம் பேசமாட்டாள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமலேயே பல பையன்கள் உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். வீட்டை நடத்தும் சங்கத்தின் தலைவர், பிரிக்பீல்ட்ஸ் கமலநாதன், அவளுக்கு நேர்மாறு. சும்மா இருக்கும் மைக்கைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. "நம் பிள்ளைகள்" என்று ஆரம்பிப்பார், கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் பெயராவது தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. விழா இருந்தால்தான் அவர் பண்டமாரானுக்கே வருவார். மூக்குக்கண்ணாடி போட்டால் வயது கூடிவிடும் என்று அதையும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

அதுவரை பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி அந்த வருஷம் கையை விரித்துவிட்டது. வேறொரு அறக்கட்டளை, அதிகாரியை அனுப்பி வீட்டைப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தது. அதிகாரி வருகிற அதே நாள் காலையில்தான் குகனுக்குக் கேஸ்.

குகனுக்குப் பதினேழு வயது. ஆறடி உயரம், அரும்பு மீசை, அடுத்தவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய வழக்கு. நீதிமன்றத்துக்குப் போவதற்காக மலர் தன் தம்பியின் நீலச் சட்டையைக் கொடுத்து, டையையும் தன் கையாலேயே கட்டிவிட்டிருந்தாள். மத்தியானம் குகனின் அம்மா போன் பண்ணினாள்.

"மலரு, அடுத்த தடவை கேஸு வர்றப்ப அந்த வீடு இருக்குமான்னு கோர்ட்டுல கேக்குறாங்க. இருந்தா விட்டுருவாங்களாம். இல்லைன்னா பூட்டுன ஸ்கூலுதானாம், மூணு வருஷம். நான் வேலைக்கு ஓடணும். பையன் பஸ் ஏறிட்டான்."

மலர் போனை வைத்துவிட்டு வெங்காயக் கூடையைப் பார்த்தபடி நின்றாள். அதிகாரிக்குப் பஜ்ஜி போட்டாக வேண்டும். உதவிக்கு ஒரு கல்லூரி மாணவி வருவதாக ஏற்பாடு. முன்வாசலை, அதிகாரியை வரவேற்கக் கமலநாதன் போட்டிருந்த விழாக்கூடாரம் அடைத்துக்கொண்டிருந்ததால், ஜீன்ஸும் கசங்கிய டீ சட்டையுமாக ஒரு பெண் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மலர் யாரு?"

"நான்தான். வாம்மா. வெங்காயம் உரிப்பியா?"

"உரிப்பேன்க்கா."

மலர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயக் கண்ணீரில் எப்படியோ மலருக்கும் வாய் திறந்துவிட்டது. குளியலறைக் கூரை ஒழுகுவதைச் சொன்னாள். குகன் ஒரு தடவை ஓடிப்போனதையும், மூன்றாம் நாள் பசியோடு இதே பின்வாசலில் வந்து நின்றதையும் சொன்னாள்.

"பூட்டியிருந்தா ஓடியிருக்க மாட்டானே அக்கா?"

"ஓடியிருக்க மாட்டான். திரும்பி வரவும் தெரிஞ்சிருக்காது."

"உங்க தலைவரு எப்படி?"

"நல்ல மனுஷன். மாலை வாங்குனா வருவாரு."

அப்போதுதான் வெளியே கைதட்டல் கேட்டது. மலர் மாவுக் கையோடு ஓடினாள்.

மேடையில் குகன் நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த ஆளுயர மாலை. தோளில் சரிகை போட்ட பொன்னாடை. பக்கத்தில் கமலநாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இளம் வயதிலேயே உயர்ந்த பதவியை அடைந்திருக்கும் நமது அறக்கட்டளை அதிகாரி அவர்கள்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். சட்டையையும் டையையும் பார்த்ததுமே, வாசலில் நின்றவனைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று குகனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவனும் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான். நாற்காலி அடுக்கிய மற்றப் பையன்களுக்கு விஷயம் தெரியும். ஒருத்தனும் மூச்சு விடவில்லை. இப்படியொரு சந்தோஷம் அவர்களுக்கு அடிக்கடி கிடைக்கிறதா என்ன?

உண்மையான அதிகாரி வந்து இதைப் பார்த்தால் வீடு போச்சு, பையனும் போனான். வருவதற்குள் அவனைக் கீழே இறக்கிவிட்டால் போதும். ஓசைப்படாமல் இறங்கி வா என்று கையைக் காட்டினாள். அதற்குள் கமலநாதன் மைக்கை அவன் கையில் திணித்துவிட்டார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க, சார்!"

குகன் மலரைப் பார்த்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவளிடமிருந்து தப்பியவன் யாருமில்லை என்பது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அங்கிள், நான் அதிகாரி இல்ல. நான் குகன். மோட்டார் கேஸு. காலையில கோர்ட்டுக்குப் போனதால டை கட்டியிருக்கேன். இங்கதான் தெனமும் வரேன். நீங்க போன தீபாவளிக்கு எனக்கு முறுக்குக் குடுத்தீங்க."

கமலநாதன் மெதுவாகப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வருஷமாக அந்த முகம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"அப்ப அதிகாரி எங்கப்பா?" என்றார், மைக்கிலிருந்து வாயை விலக்கி.

"நான்தாங்க அங்கிள். ரோகிணி" என்றாள் மலருக்குப் பின்னால் நின்ற பெண், வெங்காயக் கையைத் தூக்கி.

மலருக்குக் காது சுட்டது. "என்னம்மா, சொல்லியிருக்கலாம்லா!"

"நீங்க கேக்கவே இல்லையே அக்கா."

கமலநாதன் பொன்னாடையைக் குகனின் தோளிலிருந்து எடுக்கக் கையை நீட்டினார். பாதியிலேயே கை நின்றுவிட்டது. ஒருவருக்குப் போர்த்தியதைக் கழற்றி இன்னொருவருக்குப் போர்த்துவது எந்தச் சபையிலும் நடக்காத அவமரியாதை. அவர் கொண்டுவந்ததும் ஒன்றுதான்.

"அவனுக்கே இருக்கட்டும் அங்கிள். அவன் பேசுன மாதிரி எனக்குப் பேச வராது" என்றாள் ரோகிணி.

"படமாச்சும் பேப்பருக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார் கமலநாதனின் மைத்துனர் நாகையா. விழாக்களுக்குப் படமெடுப்பது அவர் வேலை.

"கேஸ் இருக்கிற பையன் முகம் பேப்பர்ல வரக் கூடாது, அங்கிள். சட்டம்" என்றாள் ரோகிணி.

அத்தனை படத்திலும் குகன் இருந்தான். நாகையா ஒவ்வொன்றாக அழிக்க, கமலநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டார்.

பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. ரோகிணி இரண்டு தின்றுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வருஷத்துக்குத் தரச் சொல்லி எழுதுறேன். ஆனா ஒரு நிபந்தனை. சங்கத் தலைவர் வாரத்துல ஒரு சாயங்காலம் இங்க வந்து உக்காரணும். மைக் இல்லாம."

எல்லாரும் கமலநாதனைப் பார்த்தார்கள். அவர் மேடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குகனைப் பார்த்தார்.

"கேரம் இருக்கா தம்பி?"

"இருக்கு அங்கிள். நீங்க தோத்துருவீங்க."

பணம் வந்தது. அடுத்த விசாரணையில் நீதிபதி குகனை அந்த வீட்டின் பொறுப்பிலேயே விட்டார். அவன் இப்போது பூச்சோங்கில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை செய்கிறான். பொன்னாடை அவன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அன்று நாற்காலி அடுக்கிய பையன்களில் ஒருவன் மறுபடியும் பிடிபட்டுப் பூட்டிய பள்ளிக்குப் போனான். மலர் மாதாமாதம் போய்ப் பார்த்து வந்தாள். ரோகிணி வேறு வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போய்விட்டாள். நாகையா புதிய கேமரா வாங்கியிருக்கிறார். கமலநாதன் செவ்வாய்தோறும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கேரமில் தோற்கிறார். குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது.